கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தவர்

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, எங்கள் மில்லுக்குப் பின்தெருவில் கொடியில் கிடந்த ஒரு துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, சாம்பல் பேன்ட், கழுத்தில் குறுக்காகத் தொங்கும் ஒரு ரெக்சின் பை. வயது அறுபதை ஒட்டி இருக்கும். பட்டப்பகலில் துணி திருட வந்தவன் இவ்வளவு நிதானமாக நிற்க மாட்டானே என்று நினைத்துக்கொண்டே, "யாருவே அது?" என்று ஒரு சத்தம் கொடுத்தேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "ஈரமாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம்தான் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரு யாரு?"

எங்கள் ஊர் பசுவந்தனையில் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்து யார் என்று கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கோவில்பட்டியில் கமிஷன் கடையில் மூட்டை தூக்கினேன். அந்தக் கடைக்காரர் சரக்கு அனுப்பும் இடத்துக்கெல்லாம் லாரியில் மூட்டை மேலேயே படுத்துப் போய்த் தொழில் பழகினேன். இன்றைக்கு இந்தக் கரிசக்காட்டில் விளையும் உளுந்தும் பாசிப்பயறும் என் மில்லில் உடைபடாமல் மதுரைக்குப் போகாது. பின்தெருவில் இருக்கும் வரிசை வீடுகள் அத்தனையும் நான் கட்டி வாடகைக்கு விட்டவை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரரும் நீரு, வேலை குடுக்கவரும் நீரா?" என்றார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் வந்தது மாரிச்செல்வியைப் பார்க்க. பார்க்க என்றால் விருந்துக்கு அல்ல. அந்தப் பிள்ளைக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அரசாங்கத்தில் ஒரு உதவித்தொகை கொடுத்தார்கள். காலேஜுக்கு ஆகிற செலவு முழுவதையும் அவர்களே கட்டுவார்கள். படித்து முடித்ததும் ஐந்து வருஷம் இந்த வட்டாரத்திலேயே குடியிருந்து இங்கேயே வேலை பார்க்க வேண்டும். ஊரை விட்டுப் போய்விட்டால் கட்டிய பணம் மொத்தத்தையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு அவள் என் மில்லுக்கு வந்தாள். பருப்பைப் பாக்கெட் போட்டுப் பெரிய ஊர்க் கடைகளுக்கு அனுப்ப எனக்கும் அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. பின்தெருவில் ஒரு அறை கொடுத்தேன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். எனக்குப் பெண்பிள்ளை கிடையாது.

இப்படிப் படித்தவர்கள் உண்மையிலேயே ஊரில்தான் இருக்கிறார்களா என்று பார்த்து எழுதுவதுதான் அவர் உத்தியோகம். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம். ஏதோ ஓர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இதற்கு வந்திருந்தார். இந்த வேலைக்கு இவரைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ, ஆளை அளந்துதான் எடுத்திருக்கிறார்.

வருகிற நாளைச் சொல்ல மாட்டார். மொபெட்டை ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் நிறுத்திவிட்டு நடந்து வருவார், சத்தம் கேட்கக் கூடாதாம். வந்ததும் கதவைத் தட்ட மாட்டார். கொடியில் கிடக்கும் துணியைத் தொடுவார். வாசலில் செருப்பு தேய்ந்த தடம் இருக்கிறதா என்று குனிவார். உள்ளே விட்டால் நேரே அடுப்புக்குப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். இத்தனையும் முடிந்த பிறகுதான் "நல்லாருக்கியா தாயி?" என்று கேட்பார். அதைக் கேட்கும்போதும் அவள் கண்ணைப் பார்க்க மாட்டார், அவள் கால் விரலைப் பார்ப்பார். பொய் சொல்லுகிறவர்களுக்குக் கால் விரல் சும்மா இருக்காதாம்.

ஒரு தடவை அவளைத் தெரு முக்கு வரை நடந்துவிட்டு வரச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"நட தாயி, சொல்லுதேன்."

அவள் போனாள், வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தெருவில் படுத்துக் கிடந்த நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தலையைத் தூக்கவில்லை. பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து என்னமோ குறித்துக்கொண்டார். அடுத்த வீட்டுக் கனியக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி செல்வி, ஒனக்கு நாயி கையெழுத்துப் போட்டுட்டுட்டி" என்று கத்தினாள். அதே நேரம் இவர் இரண்டு எட்டு எடுத்து வைத்தார். அத்தனை நாய்களும் எழுந்து அவரைச் சுற்றிக்கொண்டு குரைத்தன. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என்னையும் விட்டு வைக்கவில்லை. ஒருநாள் மில் ஆபீசில் வந்து உட்கார்ந்து, "இந்தப் பிள்ளையோட சர்டிபிகேட்டு உம்ம பீரோவுல இருக்கா?" என்றார்.

"எதுக்கு என் பீரோவுல இருக்கணும்?"

"ஊரைவிட்டுப் போக ஏலாத பிள்ள. வேற எடத்துக்குப் போக முடியாதுன்னு தெரிஞ்சா, கொறஞ்ச சம்பளத்துக்கு மாடு மாதிரி வேல வாங்குத மொதலாளிய உண்டு. அதான் கேக்குதேன்."

பீரோவைத் திறந்து போட்டேன். "பாருங்க சார், நல்லாப் பாருங்க. மூட்ட தூக்குனவன் நான். ஒருத்தன் முதுகுல ஏறி சம்பாதிக்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல." அவர் எழுந்து வந்து நிஜமாகவே பார்த்தார். என் மனைவியின் பழைய பட்டுச் சேலையைக்கூடத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் வெளியே போய், செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு நன்றாகத் தெரியும், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் எத்தனையோ ஆபீசர்களைப் பார்த்திருக்கிறேன். என் மில் வாசலில் வந்து, கை நனைக்காமல், ஒரு வெள்ளரிப்பிஞ்சுகூட வாங்காமல் போனவர் இவர் ஒருவர்தான். ஒரு ஐப்பசி மழையில் அவர் மொபெட் கரிசல் சகதியில் சிக்கிவிட்டது. எங்கள் மண் நனைந்தால் சும்மா விடாது, சக்கரத்தோடு அப்பிக்கொண்டு உருளவே விடாது. என் ஆட்கள் நாலு பேரை அனுப்பினேன். அவர்கள் வண்டியைத் தூக்கப் போனால், மனிதர் முதலில் சாவியை உருவிக்கொண்டார், பெட்ரோல் மூடியைத் திருகிப் பார்த்தார், பையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டார். "தூக்கிட்டு ஓடவா போறோம் சார், இந்தச் சகதியில எங்கன ஓட?" என்று என் ஆள் ஒருவன் கேட்டே விட்டான்.

அன்று மழை விடும்வரை மில் கொட்டகையில் நின்றார். அப்போதுதான் கொஞ்சம் பேசினார். வேறொரு ஊரில் ஒரு பையனாம். இதே உதவித்தொகையில் படித்தவன். வாடகை அறை எடுத்து, கொடியில் சட்டையைப் போட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு மாதாமாதம் ஏதோ கொடுத்து, தினமும் சட்டையை நனைத்து மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறான்.

"ஒரு வருசம் அந்த ஊருல சட்டதான் குடியிருந்திருக்கு" என்றார். "ஈரமா இருக்கேன்னு நானும் எழுதிட்டுப் போயிருக்கேன்."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கிழவி வேட்டியத் தொவச்சிப் போடல. ஆம்பளப் பய, ஒரு வருசமா வேட்டியோ கைலியோ நனைக்காம எப்பிடி இருப்பான்?"

அந்தப் பையன் வீட்டில் காட்டை விற்றுத்தான் பணத்தைக் கட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தமா, பெருமையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு பேரத் தனித்தனியாக் கேட்டு, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா, நம்பவே கூடாது. அது யாரோ சொல்லிக் குடுத்த பாடம். நடந்தத ரெண்டு பேரு ஒரே மாதிரி சொல்லவே மாட்டாவ."

இதை அவர் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது நான் காதில் வாங்கியிருக்கலாம். மழைச் சத்தத்தில் போய்விட்டது.

செல்விக்கு ஐந்தாவது வருஷம் முடியும் தறுவாய். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை பேசி முடித்திருந்தது. இங்கே கெடு முடிந்த மறுமாதமே வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன், அதற்குப் பிறகும் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். கூட இருக்க அவளைத் தவிர ஆள் இல்லை.

வெளியூரில் தங்குவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது சட்டம். வாங்காமல் போனால், இல்லாத நாட்களையும் தண்டனையாக ஆறு மாதத்தையும் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். அதுவாவது பரவாயில்லை. ஆளே ஊரைக் காலி செய்துவிட்டது என்று பார்க்க வந்தவர் எழுதிவிட்டால் தீர்ந்தது, பணம் முழுவதும் கட்ட வேண்டும். அம்மாவும் பிள்ளையும் ஆயுசுக்கும் கட்டினாலும் தீராது.

"பெரியப்பா, விண்ணப்பம் குடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். அனுமதி வர ஒரு மாதம் ஆகும். கட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா?

"நீ கெளம்பு தாயி. இங்கன நான் இருக்கேன்" என்றேன். சம்பளத்தையும் பிடிக்கவில்லை. அதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

பின்தெருவைக் கூட்டி வைத்து ஒரே பேச்சுத்தான் சொன்னேன். யார் வந்து கேட்டாலும், "செல்வி காலையிலேயே மில் வேலையா கோயில்பட்டிக்குப் போயிருக்கு, சாயந்திரம் வந்துரும்." இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். துப்பட்டாவை நனைத்துப் போடுவது ரகுமத்தம்மா வேலை. தெரு முக்கில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவரின் சம்சாரம் அவள். அடுப்பைக் கொஞ்ச நேரம் பற்றவைத்து அணைப்பது கனியக்கா. வாசலில் கோலம்கூட விழுந்தது. அந்த அறையில் ஆள் இருந்தபோது இருந்ததைவிட ஆள் இல்லாதபோது நடமாட்டம் அதிகம்.

அவர் வந்தார். துணியைத் தொட்டார், ஈரம். அடுப்பைத் தொட்டார், சூடு. கனியக்காவைக் கேட்டார். "செல்வி காலையிலேயே மில் வேலையா கோயில்பட்டிக்குப் போயிருக்கு, சாயந்திரம் வந்துரும்." ரகுமத்தம்மாவைக் கேட்டார். "செல்வி காலையிலேயே மில் வேலையா கோயில்பட்டிக்குப் போயிருக்கு, சாயந்திரம் வந்துரும்." எதிர்வீட்டில் கேட்டார். அங்கேயும் அதேதான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்ததாம். செய்தி கேட்டு நான் ஓடி வருவதற்குள் மூன்று வீடு முடிந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். சுவரோரம் வரிசையாக இருந்த பிளாஸ்டிக் குடங்களை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். எல்லாம் கழுத்துவரை தண்ணீர்.

"மொதலாளி, இந்தத் தெருவுல தண்ணி என்னைக்கு வரும்?"

"நாளைக்கு."

"கடைசியா என்னைக்கு வந்தது?"

"போன வாரம். எட்டு நாளைக்கு ஒருதரம்தான வருது, ஒங்களுக்குத் தெரியாதா?"

"நாளைக்குத் தண்ணி வருதுன்னா, இன்னைக்கு இந்தத் தெருவுல எவ வீட்டுக் குடத்துல தண்ணி இருக்கும்?"

தண்ணீர் வருகிறதற்கு முந்தின நாள் எங்கள் தெருவில் குடங்கள் எல்லாம் கவிழ்ந்துதான் கிடக்கும். அடியில் கிடக்கிற கால் குடத்தை வைத்துத்தான் ராத்திரிச் சமையலே நடக்கும். அவர் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். வீட்டுக்கு வீடு காலிக் குடங்கள். ஆள் குடியிருக்கிற வீடெல்லாம் வறண்டு கிடக்க, செல்வியின் அறை மட்டும் நிறைந்து நின்றது.

"பிடிச்ச தண்ணிய ஒரு வாரமா ஒருத்தரும் மோந்து குடிக்கல. இந்த வீட்டுல ஆளு இல்ல. காலி பண்ணிட்டுப் போயாச்சி" என்று சொல்லிப் பையைத் திறந்தார்.

"படிச்ச பிள்ள சார், சிக்கனமா இருக்கும்" என்றேன்.

"குளிக்கவே செய்யாத அளவுக்கா?"

அப்போதுதான் கனியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "காலி பண்ணலய்யா! அவ ஆத்தாள மதுரையில வயித்தக் கீறிப் போட்டுருக்கு. பிள்ள அங்கன கெடந்து அல்லாடுது. திரும்பி வந்தா தண்ணிக்கு அலையக் கூடாதேன்னு நாந்தான் ஊத்தி வச்சேன். என் வீட்டுக் கொழாத் தண்ணி!"

"ஏட்டி, நீ எங்கன ஊத்துன?" என்று ரகுமத்தம்மா வந்துவிட்டாள். "ரெண்டு கொடம் நீ. மிச்சம் பூராவும் நானு. அந்தப் பச்சக் கொடம் யாருதுன்னு கேளு."

"பச்சக் கொடமா? அது போன தடவ ஊத்தினது, நான் கொட்டிட்டு மறுபடி ஊத்துனேன்!"

"எவ கொட்டச் சொன்னா? நல்ல தண்ணியக் கொட்டிருக்கா பாருங்க, கொள்ளையில போறவ!"

எதிர்வீட்டுக்காரி இறங்கி வந்து, செல்வி மதுரைக்குப் போனது வெள்ளிக்கிழமை என்றாள். கனியக்கா வியாழன் என்றாள். பஸ் ஏற்றிவிட்டது தான்தான் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அம்மாவுக்குக் கட்டி என்றாள் ஒருத்தி, குடல் என்றாள் இன்னொருத்தி. நான் வாயை மூடுங்கள் என்று கத்தினேன், ஒருத்தியும் கேட்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம் மண்ணோடு மண்ணாகப் போனது.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சண்டை ஓய்ந்ததும் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"காலி பண்ணலன்னு எழுதுதேன். ஆனா ஊருல இல்ல. அனுமதியும் வாங்கல. அதையும் எழுதுவேன்."

"அத மட்டும் விட்டுருங்க சார். மெட்ராஸ்ல வேல காத்துக்கிட்டு இருக்கு அந்தப் பிள்ளைக்கு."

"பாத்தத எழுதத்தான் வந்தேன்."

அப்படியே எழுதினார். பணம் கட்ட வேண்டியதில்லை என்று உத்தரவு வந்தது. இல்லாத நாட்களும் ஆறு மாதமும் கெடுவோடு சேர்ந்தன. சென்னைக் கம்பெனிக்காரன் அத்தனை மாதம் யாருக்காகக் காத்திருப்பான்? வேறு ஆளை எடுத்துவிட்டான்.

அம்மா தேறி வந்துவிட்டாள். செல்வி மறுபடி மில்லுக்கு வந்தாள். வந்த அன்றைக்கு, "நாளைக்கு எந்த லோடு அனுப்பணும், மொதலாளி?" என்று கேட்டாள். பெரியப்பா போய்விட்டது. நான்கு நாள் கழித்து ரகுமத்தம்மா வந்து காதோடு சொன்னாள்: "அண்ணாச்சி, தெருவுல ஒரு மாதிரி பேசிக்கிடுதாவ. தண்ணி வருததுக்கு முந்தின நாளாப் பாத்து அந்த மனுசன் எப்பிடி வந்தாரு? யாரோ சொல்லித்தான வந்திருக்கணும்? செல்வி போகாம இருந்தா யாருக்கு லாபம்னு கேக்குதாவ."

லாபம் யாருக்கு என்று எனக்கும் தெரியும். பாக்கெட் பருப்பு அந்த வருஷம்தான் நன்றாக ஓடியது. ஆனால் அவருக்குச் சொல்லி அனுப்பியது நான் இல்லை. செல்வியிடம் போய் இதைச் சொன்னேன். "நான் ஒண்ணும் கேக்கலயே மொதலாளி" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு அவரைக் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்து சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெட்டி. அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்.

"ஒங்களுக்கு அன்னைக்கு யாரு சார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணி திறப்பாவன்னு விசாரிச்சி வச்சிக்கிட்டுத்தான் நான் கெளம்புவேன்."

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "சார், இப்பவே என்கூட ஒரு ஆட்டோவுல வாங்க. இத அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நானே திரும்பக் கொண்டுவந்து விட்டுருதேன். அது நான்தான் போட்டுக் குடுத்தேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். முதல் நாள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பார்த்த பார்வை இல்லை இது. கொஞ்சம் இரக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

"வாரேன்னே வச்சிக்கிடுவோம். ஒம்ம ஆட்டோவுல, ஒம்மகூட வந்து எறங்கி, மொதலாளி நல்லவருன்னு நான் சொன்னா, அந்தப் பிள்ள என்ன நெனைக்கும்? நீரு கூட்டிட்டு வந்து சொல்ல வச்சீருன்னுதான நெனைக்கும்? நானா இருந்தா அப்பிடித்தான் நெனைப்பேன்."

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்க நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு ஏறினார். கமிஷன் கடைக்காரர்களையும் ஆபீசர்களையும் பேசியே மடக்கிய எனக்கு, அவருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கவில்லை. பஸ் திரும்பிப் போகிறவரை அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் கிடைக்கவில்லை.